இதா, அதா?

போன மாதம் கண்ணாடி போடப் போனேன். செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்து ஒரு வருடமாயிற்று. "இன்னும் கொஞ்சம் நீட்டினீங்கன்னா எதிர் வீட்டுக்காரரே படிச்சுச் சொல்லிடுவார்" என்று மனைவி சொன்ன பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. கடையில் இருந்தவர் அந்தக் கனமான வட்டச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினார். ஒரு வில்லையைப் போட்டார், எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். "சார், இது தெளிவா இருக்கா, முன்னாடி வெச்சது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சட்டம் நழுவி மடியில் விழுந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இதே கேள்வியை ஒருத்தி என்னிடம் ஒன்றரை வருடம், சனிக்கிழமை தவறாமல், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள் என்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மர்பி டவுனில் அவள் வீடு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. அதனால் எங்கள் குழுவில் அவள் பெயர் 'கண்ணாடி'. முதல் நாள் சலீம் பாய் வைத்த பெயர் அது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லவேளை, பவர்னு கூப்பிடாம விட்டீங்களே பாய்" என்றாள்.

குழு என்றால் ராக் குழு. ஆடுகோடியில் சலீம் பாய்க்கு பைக் ரிப்பேர் ஒர்க்‌ஷாப். மாடியில் பழைய டயர்கள் அடுக்கிய அறை ஒன்று. டயருக்குச் சத்தத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு, அதனால் அக்கம்பக்கத்தில் புகார் வராது. சலீம் பாய்தான் டிரம்ஸ். என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்த கிரீஷ் பாஸ் கிட்டார். விவேக் நகரில் டியூஷன் எடுக்கும் ஸ்டெல்லா டீச்சர் பாடுவார், பாட்டும் எழுதுவார். கிட்டார் நான். வேலூர்ப் பக்கத்திலிருந்து மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவன். ஐந்து நாள் அடுத்தவர் பிழையைத் தேடிவிட்டு ஆறாவது நாள் நானே பிழை செய்யாமல் வாசிப்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது.

திமிர் என்றால் சாதாரணத் திமிர் இல்லை. என் போனில் தாளம் தட்டுகிற செயலி இருக்கும். நிமிடத்துக்கு நூற்று நாற்பது தட்டில் ஆரம்பித்து, ஒரே வரிசையைப் பிசிறில்லாமல் வாசித்து, இருநூறு வரை ஏற்றியிருந்தேன். எந்தத் தேதியில் எந்த எண்ணைத் தொட்டேன் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். கிட்டார்காரனின் பெருமையே சுத்தமும் வேகமும்தான், மற்றதெல்லாம் விரல் ஓடாதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்பது என் கட்சி.

டீச்சர்தான் அவளை அழைத்து வந்தார். சர்ச் பாடகர் குழுவில் அவளுக்குக் கிட்டார் வாசித்துப் பழக்கம். "பாவம் மேன், ஞாயித்துக்கிழமை மட்டும் வாசிச்சு அவளுக்குப் பத்தல. ரெண்டு கிட்டார் இருந்தா நமக்கும் நல்லதுதானே" என்றார். எனக்கு ஒன்றும் நல்லதாகப் படவில்லை. வந்தவளுக்கு நம் உயரம் தெரியட்டும் என்று கையில் இருந்த சரக்கையெல்லாம் இறக்கினேன். நாற்பது விநாடி. கடைசியில் சலீம் பாய் "மாஷா அல்லா" என்றார். அவள் தன் கிட்டாரின் மேல் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, ஆரம்பத்துல மூணாவதா ஒரு நோட் வந்துச்சே, அது அவ்ளோ அழகு. அதை ஏன் உட்காரக்கூடச் சொல்லாம அனுப்பி வெச்சிட்டீங்க?"

கேலி பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டாள். அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்த மூன்றாவது நோட் எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவளுடைய வழி இதுதான். மூன்றே சுரங்களை ஒருவிதமாக வாசிப்பாள். அதே மூன்றை இன்னொரு விதமாக வாசிப்பாள். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். உடனே நிமிர்ந்து, "இதா, அதா?" என்பாள். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றால் விடமாட்டாள். "இல்ல, ஒண்ணு கொஞ்சம் தெளிவா இருக்கும். யோசிக்காமச் சொல்லுங்க." யோசிக்காமல் ஒன்றைச் சொல்லுவோம். சரி என்று அதை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு எதிராக மூன்றாவதாக ஒன்றை நிறுத்துவாள். கடையில் வில்லை மாற்றுகிற அதே பழக்கம்.

இந்த வழக்கு எங்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் டீக்கடை வைத்திருந்த ராணியம்மாவிடம் கேட்பாள். கிளட்ச் கேபிள் மாற்ற வந்தவரை மாடிக்குக் கூட்டி வந்து உட்கார வைப்பாள். ஒருமுறை நானும் அவளும் சிவாஜி நகர் பஸ்ஸில் போனோம். நெரிசல். இவள் கண்டக்டரிடம் ஒரு மெட்டை இரண்டு விதமாக முணுமுணுத்துக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டாள். அவர், "எரடூ பேடம்மா, ஒளகே ஹோகி" என்றார். இரண்டும் வேண்டாம், உள்ளே போங்கள் என்று பொருள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளோ, இரண்டு ஸ்டாப் தள்ளி, "அவர் சொல்றதும் சரிதாண்ணா. ரெண்டுமே சுமார்" என்றாள்.

"சங்கீதம் தெரியாதவங்ககிட்டல்லாம் போய்க் கேக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏண்ணா, கண்ணு டாக்டருக்குப் படிச்சவங்கதான் எழுத்து போர்டைப் படிக்கணுமா?"

எனக்கு அவள் மேல் பொறாமை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நான் வாசித்தால் கைதட்டுவார்கள். அவள் வாசித்தால் ஸ்பேனரை வைத்துவிட்டு மாடிப்படியில் வந்து நிற்பார்கள். கைதட்டக் கை வராது. அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். என்னை நானே தேற்றிக்கொள்ள ஒரு விளக்கம் வைத்திருந்தேன். இவளுக்குப் பயிற்சி கிடையாது, ஏதோ பிறவியிலேயே உணர்ச்சி ஊறிப்போய் இருக்கிறது, அதிர்ஷ்டம். பயிற்சியால் வந்தவன் நான், எனவே நானே உசத்தி.

அந்த விளக்கமும் ஒரு வெயில் நாளில் போயிற்று. என் கறுப்புக் கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டது என்ற சாக்கில் அவள் கடைக்குப் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன். மத்தியானம், கடையில் ஆளில்லை. கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, மின்சாரம் இணைக்காத கிட்டாரில் ஒரே ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு கம்பியை அழுத்தி, மேல் நோக்கி வளைத்து, சுரத்தை ஏற்றுவது. ஏற்றுவாள், எதிரே வைத்த போனில் சுருதி காட்டும் முள்ளைப் பார்ப்பாள், விடுவாள். மறுபடி ஏற்றுவாள். நான் வாசலில் நின்று எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ணச் சோம்பலாக இருந்தது. உள்ளே போய், அவள் வாசித்துப் பதிவு செய்து போனில் வைத்திருந்த வரிசையைப் பார்த்தபோது தலை சுற்றியது. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அறுபத்தொரு பதிவு.

"முள்ளு நடுவுக்கு வந்தா சரியான சுருதி. அதுக்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்தப் பாக்கிறேண்ணா" என்றாள். விரல் நுனி சிவந்து கன்றிப் போயிருந்தது.

"தப்பா வாசிக்கிறதுக்கா இவ்வளவு பிராக்டீஸ்?"

"முழுசா ஏத்திட்டா கேக்கிறவங்களுக்கு வேலையே இல்லையே. கொஞ்சம் கீழ நிறுத்தினா, மீதியை அவங்க மனசால ஏத்திக்குவாங்க. ஆனா ரொம்பக் கீழ நின்னுட்டா சும்மா அபசுரம் ஆயிடும். அந்த இடம் எங்கன்னுதான் தேடிட்டு இருக்கேன்."

அப்போது ஒரு பெரியவர் பவர் பார்க்க வந்தார். வில்லைகளை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவளிடம், "எவ்வளவும்மா வந்திருக்கு? நம்பரைச் சொல்லு" என்று அவர் நச்சரித்தார். இவள் கடைசிவரை சொல்லவில்லை. அவர் போன பிறகு, "முதல்லயே நம்பர் சொன்னா ஜனங்க நம்பரைத்தான் பாப்பாங்க, எழுத்தைப் பாக்க மாட்டாங்க" என்றாள். என் நோட்டுப் புத்தகம் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அவள் கிட்டாரை என்னிடம் நீட்டி, "அண்ணா, உங்க அந்த வேக ஓட்டம் எப்படி வருது? எனக்கு நாலாவது நோட்லயே விரல் பின்னிக்குது. வீட்டுல கதவைச் சாத்திட்டு உங்களை மாதிரி வாசிச்சுப் பாத்து அழுதிருக்கேன்" என்றாள். நான் மனிதன்தானே. மனம் குளிர்ந்து போயிற்று. அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தேன். அவளுக்கு வரவில்லை. வராததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்காக இன்றும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன். திருகாணியை மாட்ட இருவருமே மறந்துபோனோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோரமங்களாவில் ஓர் உணவகத்தின் மொட்டை மாடியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டயர்களைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து கேட்டிராத எங்களுக்கு அது பெரிய விஷயம். மேடையைப் பார்க்கப் போனோம். பலகை அடித்த சின்ன மேடை, முழங்கால் உயரம். பாதியை டிரம்ஸ் தின்றுவிடும். மேனேஜர் நான்கு விரலைக் காட்டி, "நால்கே ஜன சார். ஐதாதரெ ஆகல்ல" என்றார். நாலே பேர், ஐந்து முடியாது. மிக்ஸரிலும் ஒரு கிட்டாருக்குத்தான் இடம்.

திரும்பி வரும்போது பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். இரண்டு கிட்டாரில் ஒன்று இறங்க வேண்டும். முதலில் இருந்தவன் நான், வயதில் மூத்தவன், அவளே விட்டுக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "திரை போட்டுட்டு வாசிப்போம். யார் வாசிக்கிறாங்கன்னு தெரியக் கூடாது. கேக்கிறவங்க சொல்லட்டும், இதா அதான்னு" என்றாள். கண்ணில் பயமே இல்லை. எனக்குத்தான் பயம். அந்தச் சனிக்கிழமைகள் போய்விட்டால் எனக்கு ஞாயிறும் திங்களும் மட்டும்தான் மிச்சம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

போட்டிக்கு எடுத்தது டீச்சர் எழுதிய பாட்டு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன வாடகை வீட்டைப் பற்றியது. சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது, சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி மட்டும் இருக்கிறது என்கிற இடத்தில் பாட்டு நிற்கும். அங்கே முப்பது விநாடி கிட்டார் மட்டும் பேச வேண்டும். எல்லாப் பாட்டிலும் அந்த இடத்தை சோலோ என்போம். எங்கள் பாட்டில் உயிரே அங்கேதான்.

ஒர்க்‌ஷாப்பில் மழைக்குக் கட்டும் தார்ப்பாயைக் குறுக்கே கட்டினார் சலீம் பாய். முன்னால் அவருடைய மெக்கானிக்குகள், ராணியம்மா, சைலன்ஸர் மாற்ற வந்து மாட்டிக்கொண்ட ஓர் ஆட்டோக்காரர். சீட்டுக் குலுக்கியதில் முதலில் நான். கொட்டித் தீர்த்தேன். ஒரு பிசிறில்லை. விசில் பறந்தது. இரண்டாவதாக அவள். மொத்தமே ஒன்பது சுரமோ பத்தோ. முடிந்ததும் சத்தமே இல்லை. ஒரு மெக்கானிக் மட்டும், "நல்லாத்தான் இருக்கு பாய், ஆனா தூக்கம் வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் கை தூக்கினார். எண்ணிப் பார்த்தால் சரிபாதி. ஆட்டோக்காரர் மட்டும் பாக்கி.

அவர் தலையைச் சொறிந்தார். "குரு, மொதல்ல வந்துச்சே, அது ஓசூர் ரோட்ல ட்ராஃபிக்கே இல்லாத நாள் மாதிரி. சும்மா பறந்துச்சு. ஆனா எதுக்குப் போனோம், எங்க எறங்கினோம்னு தெரியல. ரெண்டாவது சிக்னல்ல நிக்கிற மாதிரி. பக்கத்து வண்டியில யாரு, என்ன கவலையில இருக்காங்கன்னு பாக்க டைம் இருக்கு. ஆனா வண்டி நகரல." கொஞ்சம் யோசித்தார். "அதை ஓட்டி, இதுல கொண்டாந்து நிறுத்தினா என்ன? ஓடி வந்து நின்னாத்தானே நின்னதே தெரியும்?"

தார்ப்பாய்க்குப் பின்னால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படிக்காத மேதை என்று சொல்வார்களே, அது அன்று ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்திருந்தது. என் ஓட்டம், அப்புறம் ஓர் இடைவெளி, அப்புறம் அவளுடைய மூன்று சுரம். அவ்வளவுதான் பாட்டுக்கு வேண்டியது. வாசித்துப் பார்த்தோம், கேட்டுக்கொண்டே நின்ற ராணியம்மா கடை அடுப்பில் பாலைப் பொங்கவிட்டார்.

ஆனால் மேடையில் ஒரு கிட்டார்தானே? அவளுக்கு என் ஓட்டம் வராது. சரி, அந்த மூன்று சுரத்தை நானே வாசித்துவிடுகிறேன் என்று ஒரு வாரம் முட்டிப் பார்த்தேன். சலீம் பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், எல்லாம் கரெக்ட்டு. ஆனா வீட்டைக் காலி பண்ணினது நீங்க இல்ல, வேற யாரோ" என்றார்.

அப்போது அவளுக்கு உதித்ததுதான் அந்த யோசனை. "நடுவுல எட்டு எண்ணிக்கை சத்தமே இல்லாம விடுறோம் இல்ல? அதுல கிட்டாரைக் கை மாத்திக்கலாம். நீங்க எறங்குங்க, நான் ஏறுறேன். எப்பவும் மேடையில நாலு பேர்தான். மேனேஜர் என்ன சொல்ல முடியும்?"

இரண்டு வாரம் ரிலே ஓட்டக்காரர்கள் மாதிரிப் பழகினோம். தோள்வார் கிடையாது, உயர ஸ்டூலில் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். என் கடைசிச் சுரம் முடிந்ததும் நான் எழுந்து நிற்பேன். அவள் ஒரு காலை மேடையில் வைத்து, இடது கையால் கிட்டாரின் கழுத்தைப் பிடிப்பாள். நான் விட்டு இறங்குவேன், அவள் உட்காருவாள். எட்டு எண்ணிக்கைக்குள் எல்லாம் முடிய வேண்டும். முதல் நாள் முட்டிக்கொண்டோம். இரண்டாம் நாள் ஒயரில் கால் மாட்டி அவள் டயர் அடுக்கில் போய் விழுந்தாள், விழுந்த இடத்திலிருந்தே, "இதா, அதா?" என்று கேட்டாள். டீச்சர் சிரித்த சிரிப்பில் அன்று பாட்டுப் பழக முடியவில்லை. இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஆறு எண்ணிக்கையிலேயே மாற்றிவிட்டு இரண்டு எண்ணிக்கை சும்மா நிற்கிற அளவுக்குத் தேறிவிட்டோம்.

எனக்குள் மட்டும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கைதட்டல் எப்போது வரும்? சோலோ முடியும்போது. அப்போது கிட்டார் யார் மடியில் இருக்கும்? நான் கீழே, இருட்டில், தட்டு எடுத்துப் போகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. சாப்பிட வந்தவர்கள் சாப்பாட்டில்தான் கவனமாக இருந்தார்கள். மூன்று பாட்டு அப்படியே போயிற்று. நான்காவதாக எங்கள் வாடகை வீட்டுப் பாட்டு. ஆணி மட்டும் சுவரில் என்று டீச்சர் நிறுத்தினார். நான் ஆரம்பித்தேன். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி வாசித்ததில்லை. விரல் தானாக ஓடியது. முன் மேசையில் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசிச் சுரத்தில் போய் நின்றேன், டிரம்ஸும் பாஸும் என்னோடு நின்றன. எழுந்தேன். அவள் கால் மேடைக்கு வந்தது. கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்தது.

நான் விடவில்லை.

விடவேண்டும் என்று தெரிந்தது. விரல் கேட்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வாசிக்கவும் தோன்றவில்லை, கொடுக்கவும் மனமில்லை. வைக்கோல் போரில் படுத்த நாய் என்பார்களே, அது அன்று நான்தான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. சலீம் பாய் குச்சியை உயர்த்தியபடியே உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது, பத்து. ஒரு குழந்தை "அம்மா" என்றது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அவசரமில்லை. கடையில், எழுத்துத் தெரிகிறதா என்று காத்திருப்பாளே, அந்த முகம். பதினான்கில் என் கை தளர்ந்தது. இறங்கினேன். அவள் உட்கார்ந்தாள். பதினாறு முடிந்து அந்தக் கம்பி மெதுவாக ஏறி, ஏற வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் மூச்சை இழுத்து அதை மேலே ஏற்றினார்கள். நானும் ஏற்றினேன்.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மேனேஜர் ஓடி வந்து, நாலு பேர் கணக்கையெல்லாம் மறந்து, எங்கள் ஐந்து பேரையும் மேடையில் ஏற்றிப் படம் எடுத்தார். பலகை கிரீச்சிட்டது, உடையவில்லை. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா! பதினாறு! நாம எட்டுதானே பேசி வெச்சோம்? எட்டா, பதினாறா? பதினாறுதாண்ணா! எப்படிண்ணா தோணுச்சு உங்களுக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்படியே ஒரு ஃபீலிங்ல வந்துச்சும்மா" என்றேன்.

இருநூறு தட்டு வேகத்தில் ஓடத் தெரிந்தவன் இன்றுவரை இந்த ஊரில் பேசப்படுவது வாசிக்காமல் நின்ற நேரத்துக்காகத்தான். அடுத்த மாதத்திலிருந்து எல்லா நிகழ்ச்சியிலும் பதினாறு விட்டோம். பழக்கத்தில் எண்ணி விட்டதால் அது சுத்தமாக இருந்தது. முதல் நாள் மாதிரி வரவில்லை.

பிறகு அவளுக்கு மங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். ஆறு வருடமாகிறது. நல விசாரிப்பெல்லாம் கிடையாது. எப்போதாவது இரண்டு குரல் பதிவு வரும், இரண்டிலும் மூன்று சுரம். நான் யோசிக்காமல் ஒன்றைச் சொல்லி அனுப்புவேன். இன்னும் பாதி நேரம் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

போன மாதம் கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும், புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுக்கு நீளமாக ஒன்று எழுதினேன். அன்று அது ஃபீலிங் இல்லை, வெறும் கஞ்சத்தனம், கொடுக்க மனமில்லாமல்தான் பிடித்துக்கொண்டு நின்றேன், உன்னிடம் பொய் சொன்னேன் என்று. அன்று முழுக்கப் பதில் இல்லை. ஏன் எழுதினோம் என்றாகிவிட்டது. மறுநாள் மத்தியானம், அவளுடைய ஆஸ்பத்திரி நேரத்தில், ஒரே ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணா, நீங்க விடலைன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? கிட்டாரோட கழுத்து என் கையிலயும்தானே இருந்துச்சு. ஒரு இழு இழுத்திருந்தா வந்திருக்கும்." அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பழக்க தோஷம், எண்ணினேன். எட்டைத் தாண்டியது. "இழுக்கிறதா, நிக்கிறதான்னு பாத்தேண்ணா. நிக்கிறதுதான் தெளிவா இருந்துச்சு."